மென்பொருள் உரிமத்தை மீறுவது சட்டத்தை மீறுவதாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களின் மென்பொருள் உரிமக் கணக்கைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், வேலை முடிந்து கோப்பை மூடும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கியபடி ஒரு சந்தேகம் கேட்பார். பெரும்பாலும் அது முந்தைய இடத்தில் கேட்ட அதே சந்தேகமாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒரு விடை குறிப்பிட்ட நாட்டின் சட்டத்தையோ தீர்ப்பையோ சார்ந்திருக்கும் இடத்தில் அந்த நாட்டையும் சொல்லியிருக்கிறேன்.

லைசென்ஸை மீறினால் குற்றமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஏனென்றால் ‘சட்டவிரோதம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது ஒப்பந்த மீறல்: கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் விடுவது. இதற்கு எதிர்த்தரப்பு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். காவல்துறைக்கு இதில் வேலை இல்லை. இரண்டாவது பதிப்புரிமை மீறல்: சட்டம் உரிமையாளருக்கென்று ஒதுக்கிவைத்த ஒன்றை அவருடைய அனுமதியின்றிச் செய்வது. இதுவும் பெரும்பாலும் உரிமையியல் வழக்காகவே நடக்கும், ஆனால் தடையாணையும் கூடுதல் இழப்பீடும் இதில் எளிதாகக் கிடைக்கும். மூன்றாவதுதான் குற்றம்: தெரிந்தே, பல நாடுகளில் ஆதாயத்துக்காகவோ வணிக அளவிலோ, பதிப்புரிமையை மீறுவது. சிறைத்தண்டனை என்ற பேச்சு இங்கே மட்டுமே எழுகிறது.

எந்த நிலை நமக்குப் பொருந்தும் என்று அறிய, உரிமம் என்பது அடிப்படையில் ஓர் அனுமதிச் சீட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1994-இல் உருவான, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கையான டிரிப்ஸின் 10-ஆவது பிரிவு, கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளைப் போலவே காக்க வேண்டும் என்கிறது. அதாவது, ஒரு நாவலை அனுமதியின்றி அச்சிட்டு விற்க முடியாதது போலவே, ஒரு நிரலைப் படியெடுப்பதும் மாற்றுவதும் பிறருக்கு வழங்குவதும் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டவை. உரிமம் அந்தத் தடையில் ஒரு பகுதியை நமக்காக விலக்குகிறது. ஆகவே எந்த மீறலைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த உரிமமே இல்லாதிருந்தால், இவர் செய்த செயலைச் சட்டம் விட்டுவைத்திருக்குமா? விட்டுவைத்திருக்காது என்றால் அது பெரும்பாலும் பதிப்புரிமை மீறல். விட்டுவைத்திருக்கும் என்றால், மிஞ்சுவது ஒப்பந்தம் பற்றிய தகராறு மட்டுமே. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறப்பவை.

காசு கொடுத்து வாங்கிவிட்டேன். அப்புறம் அது என் பொருள்தானே?

வட்டு உங்களுடையது; அதில் உள்ள நிரலின் நிலை அவ்வளவு எளிதானதன்று. அமெரிக்காவில் ஒருவர் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பெட்டிகளை இணைய ஏலத்தில் விற்க முயன்றார். வெர்னர் – ஆட்டோடெஸ்க் என்ற அந்த வழக்கில் 2010-இல் தீர்ப்பளித்த ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆவணம் தன்னை உரிமம் என்று சொல்லிக்கொண்டு, கைமாற்றுவதையும் பயன்படுத்துவதையும் கணிசமாகக் கட்டுப்படுத்தினால், வாங்கியவர் உரிமம் பெற்றவரே தவிர உரிமையாளர் ஆகமாட்டார் என்றது.

இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஏறத்தாழ எதிர்த்திசையில் சென்றது. யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில், காலவரம்பில்லாத உரிமத்தை விலைகொடுத்துப் பெற்றால் அது விற்பனைதான் என்றும், உரிமத்தில் என்ன எழுதியிருந்தாலும் மறுவிற்பனையைத் தடுக்க முடியாது என்றும் 2012-இல் கூறியது. ஆனால் விற்பவர் தன் கணினியில் உள்ள படியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். மொத்தமாக வாங்கிய உரிமத்தைப் பிரித்து, மிஞ்சியதை மட்டும் விற்கவும் கூடாது. மாதச் சந்தாவில் எடுத்த மென்பொருளுக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.

‘ஐ அக்ரீ’ பட்டனைப் படிக்காமலே அழுத்தினேன். படிக்காத ஒப்பந்தம் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். படிக்க வாய்ப்பு இருந்ததா, ஒப்புதல் தெரிவிக்கும் செயல் ஒன்று நடந்ததா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன; உண்மையில் படித்தாரா என்பதை அல்ல. பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்த உரிமமும்கூட, ஏற்க மனமில்லாவிட்டால் பொருளைத் திருப்பித் தர வழி இருந்ததால், வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்காவில் 1996-இல் புரோசிடி வழக்கில் தீர்ப்பானது. 2002-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் மாறாக நடந்தது: பதிவிறக்கும் பொத்தான் திரையில் தெரிந்தது, விதிமுறைகளுக்கான இணைப்போ திரையைக் கீழே நகர்த்தினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. பார்க்காத ஒன்றைப் பயனர் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

ஆனால் ‘ஒப்பந்தம் செல்லாது’ என்று வாதிட்டு வெல்வது பலர் நினைப்பதுபோல் விடுதலை அல்ல. முதல் விடையில் சொன்னபடி, உரிமம்தான் உங்களுக்கு அனுமதி. ஒப்பந்தம் இல்லை என்று நிரூபித்தால் அதோடு சேர்ந்து அனுமதியும் போய்விடக்கூடும்.

லைசென்ஸில் நாற்பது விதி இருக்கிறது. எதை மீறினாலும் ஒரே தப்புதானா?

இல்லை. இந்தத் துறையில் நான் மிக முக்கியமாகக் கருதும் வேறுபாடு இதுதான். சில விதிகள் அனுமதியின் எல்லையை வரைகின்றன: ‘இந்த நிபந்தனைக்கு உட்பட்டால் மட்டுமே படியெடுக்கலாம்’ என்பவை அவை. வேறு சில, அனுமதி கிடைத்தபின் நாம் தனியாகக் கொடுக்கும் வாக்குறுதிகள். முதல் வகையை மீறினால் அனுமதி இல்லாமல் செய்ததாகிறது; இரண்டாம் வகையை மீறினால் வாக்குத் தவறியதாகிறது.

இரண்டு அமெரிக்க வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், ஆட்டக்காரர் இல்லாதபோதே அவருக்காக ஆடும் ‘கிளைடர்’ என்ற நிரலை ஒரு நிறுவனம் விற்றது. அப்படிப்பட்ட நிரல்களை விளையாட்டின் உரிமம் தடுத்திருந்தது. 2010-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்தத் தடை வெறும் வாக்குறுதிதான் என்றும், அதை மீறியதால் பதிப்புரிமை மீறல் ஆகாது என்றும் கூறியது. இல்லையென்றால், தனக்குப் பிடிக்காத எந்தச் செயலையும் உரிமத்தில் எழுதிவைத்து உரிமையாளர் அதைப் பதிப்புரிமை மீறலாக்கிவிடலாமே என்பது நீதிமன்றத்தின் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். (பாதுகாப்பு ஏற்பாட்டைச் சுற்றிச் சென்றதற்காக அந்த நிறுவனம் வேறொரு பிரிவின்கீழ் மாட்டிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.)

மற்றொன்று, 2008-இல் முடிவான ஜேக்கப்சன் – காட்சர் வழக்கு. பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மூல நிரலின் (எழுதிய வரிகளை எவரும் பார்த்து மாற்றலாம் என்று திறந்துவிட்ட நிரலின்) கோப்புகளை, எழுதியவர்களின் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டு, வேறொருவர் தன் வணிக மென்பொருளில் சேர்த்துக்கொண்டார். கீழ்நீதிமன்றம் இதை ஒப்பந்தத் தகராறு என்று விட்டுவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, உரிமத்தில் ‘என்ற நிபந்தனையின் பேரில்’ என்ற பொருள்படும் சொற்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, பெயர் குறிப்பிடுவது அனுமதியின் நிபந்தனை, ஆகவே அதை மீறியது பதிப்புரிமை மீறல் என்றது. ஒரு வாக்கியத்தின் நடையில் ஒரு வழக்கின் திசையே மாறியது.

இலவசமாகக் கொடுத்ததற்குக்கூட வழக்குப் போட முடியுமா? ஜிபிஎல் எல்லாம் கோர்ட்டில் நிற்குமா?

நிற்கும், நின்றும் இருக்கிறது. ஜிபிஎல் என்பது, பிறருக்கு வழங்கும்போது மூல நிரலையும் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் ஒரு திறந்த மூல உரிமம். 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், லினக்ஸ் இயங்குதளத்தின் நெட்ஃபில்டர் என்ற நிரலை ஜிபிஎல் விதிகளைப் பின்பற்றாமல் தன் கருவிகளில் விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிரான தடையாணையை உறுதிசெய்தது. விலை வாங்கவில்லை என்பதால் உரிமை போய்விடுவதில்லை என்பதை மேலே சொன்ன ரயில் வழக்கும் உறுதிப்படுத்தியது.

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 5-ஆவது பிரிவு இந்தச் சந்தேகத்தை 1991-லேயே எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கையெழுத்திடாததால் இந்த உரிமத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அது முதலில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நிரலை மாற்றவும் வழங்கவும் உங்களுக்கு அனுமதி தருவது இதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அடுத்த வாக்கியத்தில் நினைவூட்டுகிறது. வீட்டு இணைய ரௌட்டர் வந்த பெட்டியின் அடியில் பல மடிப்பாக மடித்த மெல்லிய தாள் ஒன்று கிடக்கும், நாம் அதைப் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுவோம். கேட்டால் மூல நிரலைத் தருவோம், இந்த வாக்கு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்று பொடி எழுத்தில் பல ரௌட்டர்களின் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அந்த மூன்று ஆண்டு, உரிமத்தின் 3-ஆவது பிரிவிலிருந்து வந்தது. அந்த ஒரு தாள் இல்லாததாலும், கேட்டவருக்கு நிரலைத் தராததாலும்தான் பல நிறுவனங்கள் சிக்கலில் விழுந்திருக்கின்றன.

எம்ஐடி லைசென்ஸ் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே?

இந்தத் திறந்த மூல உரிமத்தில் கிட்டத்தட்ட எல்லாம் செய்யலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: பதிப்புரிமைக் குறிப்பும் உரிமத்தின் வாசகமும் ஒவ்வொரு படியிலும் இருக்க வேண்டும். இவ்வளவு எளிய நிபந்தனையே, நான் பார்த்தவரை, மிக அதிகமாக மீறப்படுகிறது. கோப்பின் தலைப்பில் உள்ள பத்து வரிகளை ‘சுத்தம் செய்கிறேன்’ என்று நீக்கிவிடுகிறார்கள். நான்காவது விடையில் சொன்ன ரயில் வழக்கில் நடந்தது ஏறத்தாழ இதுவே.

மாணவர் பதிப்பில் சம்பளத்துக்கு ஒரு சின்ன வேலை செய்தேன். அதே மென்பொருள்தானே?

நிரல் ஒன்றேதான், அனுமதி வேறு. படிப்பதற்கு மட்டும் என்று கொடுத்த அனுமதியை வைத்து வணிகம் செய்யும்போது, நீங்கள் அனுமதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறீர்கள். எல்லைக்கு வெளியே நிறுவி இயக்கிய படி, அனுமதியில்லாத படியாகவே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். வேலை சின்னதா பெரியதா என்பது இழப்பீட்டின் அளவை மாற்றலாம், மீறலின் தன்மையை மாற்றாது.

ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே எல்லா இருக்கைகளுக்கும் முறையான உரிமம் இருந்தது. ஆனால் வாடிக்கையாளருக்கு அச்சிட்ட ஒரு வரைபடத்தின் நான்கு ஓரங்களிலும், இது கல்விக்கான பதிப்பில் உருவாக்கப்பட்டது என்ற வரி ஓடியது. புதிதாகச் சேர்ந்த பெண், படிக்கட்டுப் பகுதியை வீட்டில் தன் பழைய மாணவர் பதிப்பில் வரைந்து, அலுவலகக் கோப்பில் ஒட்டியிருந்தார். அந்த ஒரு துண்டோடு வந்த அடையாளம் கோப்பு முழுவதையும் தொற்றிக்கொண்டது. ஓரங்களைக் கத்தரித்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், அதுவரை தெரியாமல் நடந்தது, கத்தரித்த நொடியிலிருந்து தெரிந்தே செய்ததாகிவிடும். அன்று மாலைக்குள் படிக்கட்டை முதலிலிருந்து வரைந்து முடித்தார்கள்.

கிராக் பண்ணி என் கணினியில் நான் மட்டும் பயன்படுத்துகிறேன். யாருக்கும் விற்கவில்லை. இதுவும் குற்றமா?

இங்கே கவனமாக இருங்கள். இது உரிம மீறல் என்பதையும் தாண்டியது, ஏனென்றால் உங்களிடம் மீறுவதற்கான உரிமமே இல்லை. வணிக அளவில் வேண்டுமென்றே நடக்கும் திருட்டுப் பதிப்புக்குக் குற்றவியல் தண்டனை இருக்க வேண்டும் என்று டிரிப்ஸின் 61-ஆவது பிரிவு உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது; அதற்குக் கீழே எவ்வளவு தூரம் போவது என்பதை நாடுகளே முடிவு செய்கின்றன. இந்தியா வெகுதூரம் போயிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் படி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதே குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஆதாயத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால், காரணங்களைப் பதிவுசெய்து, சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விற்கவில்லை என்ற வாதம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

பூட்டை உடைப்பதற்கும் தனிச் சட்டம் உண்டு. 1996-ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கையைத் தொடர்ந்து பல நாடுகளில், பாதுகாப்பு ஏற்பாட்டை உடைப்பது, படியெடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தனியொரு மீறலாக்கப்பட்டது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம் அப்படிப்பட்டது. கிளைடர் நிறுவனம் மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

பத்து லைசென்ஸ் வாங்கி இருபது பேர் பயன்படுத்துகிறோம். மேலாளர் சொன்னார் என்று நிறுவியவன் நான். யார் மாட்டுவார்?

கூடுதலான பத்துப் படிகளும் அனுமதி இல்லாத படிகள். நிறுவனம் அதற்குப் பொறுப்பு. நிறுவியவரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்படலாம், ஆனால் பணம் இருக்கும் இடத்தைத்தான் உரிமையாளர்கள் முதலில் தேடுவார்கள். மேலாளர் சொன்னதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் நலனுக்கு நல்லது.

எண்ணிக்கை எப்போதும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை என்பதே நிறுவனங்களின் பெரிய தலைவலி. டியாஜியோ என்ற மதுபான நிறுவனம், தன் வாடிக்கையாளர்களும் விற்பனையாளர்களும் வேறொரு செயலி வழியாக அனுப்பிய தரவு, எஸ்ஏபி நிறுவனத்தின் வணிக நிர்வாக மென்பொருளைச் சென்றடையும்படி அமைத்திருந்தது. அவர்களும் பயனர்களே, அவர்களுக்கும் உரிமம் வேண்டும் என்று 2017-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் கூறியது. எஸ்ஏபி கேட்டிருந்த தொகை 5 கோடி பவுண்டுக்கும் மேல். இத்தனைக்கும் அங்கே யாரும் எதையும் திருட்டுத்தனமாக நிறுவவில்லை. தகராறு முழுவதும் ‘பயனர்’ என்ற சொல்லின் பொருளைப் பற்றியது.

‘ரிவர்ஸ் எஞ்சினியரிங் கூடாது’ என்று போட்டிருக்கிறது. மீறினால்?

இது முதல் விடையில் சொன்ன சோதனையைத் தலைகீழாகப் பார்க்கும் இடம். ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதைப் பல சட்டங்கள் விட்டுவைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் நெறியாணை, முறையாகப் பெற்றவர் நிரலை இயக்கிக் கவனித்து அதன் கருத்துகளை அறியலாம் என்றும், வேறு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்குத் தேவையான அளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம் என்றும் சொல்வதோடு, இவற்றைத் தடுக்கும் உரிம விதி செல்லாது என்றும் அறிவிக்கிறது. 2012-இல் எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதையே உறுதிசெய்து, நிரலின் செயல்பாட்டுக்கும் நிரல்மொழிக்கும் பதிப்புரிமை இல்லை என்றது.

அமெரிக்காவில் நிலை இரண்டாகப் பிரிகிறது. உள்ளே உள்ள கருத்துகளை அறிய வேறு வழி இல்லாதபோது பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடு என்று 1992-இல் சேகா வழக்கில் தீர்ப்பானது. ஆனால் பிரிக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்தால் அது கட்டுப்படுத்தும் என்று 2003-இல் பவர்ஸ் – பேஸ்டேட் வழக்கில் முடிவானது. அதாவது, அதே செயல் பதிப்புரிமை மீறல் ஆகாமலே ஒப்பந்த மீறல் ஆகலாம்.

வேகத்தை அளந்து விமர்சனம் எழுதக்கூடாது என்கிறார்கள். இது எப்படி நியாயம்?

நியாயம் இல்லை என்பதே என் கருத்து. விமர்சனம் எழுத எந்தப் பதிப்புரிமைச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை. ஆகவே இது ஒப்பந்த விதி மட்டுமே. ஒரு மென்பொருள் நிறுவனம், தன் ஒப்புதலின்றி விமர்சனமோ சோதனை முடிவோ வெளியிடக் கூடாது என்று எழுதியதற்கு எதிராக நியூயார்க் மாநில அரசுத் தரப்பு தொடுத்த வழக்கில், 2003-இல் நீதிமன்றம் அந்த வாசகத்தைத் தடைசெய்தது. ஆனால் தரவுத்தள மென்பொருள்களின் உரிமங்களில் இப்படிப்பட்ட விதிகள் இன்றும் இருக்கின்றன. தனிநபர் ஒருவர் வெளியிடும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு இணையதளத்தில் பொய்ப் பெயரில் கணக்கு தொடங்கினேன். விதிமுறை மீறல்தான். அது ‘ஹேக்கிங்’ ஆகிவிடுமா?

அமெரிக்காவில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் விதிகளை மீறிப் பொய்க் கணக்கு தொடங்கியதையே கணினி ஊடுருவலுக்கு எதிரான சட்டத்தின்கீழ் குற்றமாக்கி அரசு வழக்குத் தொடுத்தது. ஜூரி குற்றவாளி என்றது. 2009-இல் நீதிபதி அதை நீக்கினார். தள உரிமையாளர் எழுதும் விதிகளே குற்றம் எது என்பதைத் தீர்மானிக்கும் என்றால், எது குற்றம் என்று சாதாரண மனிதருக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் காட்டிய காரணம். 2021-இல் வான் பியூரன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், நுழைய அனுமதி உள்ள தரவைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவது அந்தச் சட்டத்தின்கீழ் வராது என்று கூறியது. ஆனால் தடுத்துவைத்த பகுதிக்குள் வேறொருவரின் கடவுச்சொல்லால் நுழைவது முற்றிலும் வேறு விஷயம்.

அவர்கள் இத்தனை வருடம் கண்டுகொள்ளவில்லை. விட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வழக்குத் தொடரக் கால வரம்பு உண்டு, அமெரிக்காவில் பதிப்புரிமைக்கு அது மூன்று ஆண்டு. ஆனால் ஒவ்வொரு புதிய படியும் புதிய மீறல், கடைசியாக நிறுவிய கணினிக்குக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

தெரியாமல் மீறிவிட்டேன், இப்போதுதான் புரிகிறது. என்ன செய்வது?

தெரியாமல் செய்தது என்பது குற்றவியல் வழக்கில் பெரிய வேறுபாடு. உரிமையியலில் பெரும்பாலும் இழப்பீட்டின் அளவை மட்டுமே பாதிக்கும். முதலில் நிறுத்துங்கள்: புதிய படி எடுப்பதையும், வெளியே வழங்குவதையும். பிறகு எத்தனை படி, எந்தத் தேதி, எந்தக் கணினி என்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே அறிவிப்பு வந்திருந்தால், அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அது சான்றை அழித்ததாகப் பார்க்கப்படும். அறிவிப்பு வரவில்லை என்றால், விடுபட்ட உரிமங்களை வாங்குவதோ மென்பொருளை நீக்குவதோ உங்கள் விருப்பம்.

திறந்த மூல மென்பொருளில் திருந்துவதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மீறிய உடனே அனுமதி தானாகவே முடிந்துபோகும். 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தளர்த்தியது: முதல்முறையாக அறிவிப்புப் பெறுபவர், அது கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி நிலையாகத் திரும்பும், யாரும் அறிவிப்பு அனுப்பாமலே நிறுத்தி 60 நாள் கடந்தாலும் திரும்பும். இரண்டாம் பதிப்பிலேயே இருக்கும் லினக்ஸ் கருவை எழுதுபவர்களில் பலர், இதே அவகாசத்தைத் தாங்களும் தருவதாக 2017-இல் அறிவித்தார்கள். ஆகவே அப்படிப்பட்ட கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால், அது வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் குறித்து வையுங்கள். 30 நாள் அங்கிருந்துதான் எண்ணப்படும்.